வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: உண்மையை எழுதியிருந்தால் போதாதா?

தெருமுனை நிருபர் (கேள்வி)

வணக்கம். நகராட்சிச் செய்திகளை மட்டும் போடும் சின்ன இணையதளம் நடத்துகிறோம். நான், இன்னொரு நிருபர், வீடியோ வெட்டி ஒட்ட ஒரு பையன். அவ்வளவுதான் ஆட்கள்.

போன மாதம் ஒரு சாலைப் பணி பற்றி எழுதினோம். தெரு முழுக்க பேவர் பிளாக் பதித்ததாக பில் பாஸ் ஆகியிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் மண்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) வாங்கிய எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகலும் தெருவின் புகைப்படங்களும் கையில் இருக்கின்றன. நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் இதே விஷயத்தை எழுப்பி, ஒப்பந்ததாரர் பெயரைச் சொன்னதோடு, "ஆணையருக்கும் இதில் பங்கு போகிறது" என்றும் பேசினார். அதையும் போட்டோம். வெளியிடுவதற்கு முன் ஒப்பந்ததாரருக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

இப்போது அவதூறு செய்துவிட்டதாக அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ். ஏழு நாளில் நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்க வேண்டும், செய்தியை நீக்க வேண்டும், ஒரு கோடி ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும், இல்லையென்றால் சிவில், கிரிமினல் இரண்டும். ஒப்பந்ததாரர்கள் சங்கமும் எல்லா ஒப்பந்ததாரர்களையும் அவமதித்துவிட்டதாகத் தனியாக ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. ஆணையர் தரப்பிலும் ஏதோ யோசிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

உண்மையை எழுதியிருந்தால் போதாதா? கவுன்சிலர் சொன்னதை அவர் சொன்னதாகத்தானே போட்டோம், அதற்கு நாங்கள் ஏன் பொறுப்பாக வேண்டும்? அப்புறம், வீடியோவின் தம்ப்நெயிலில் (முகப்புப் படத்தில்) "மக்கள் பணத்தைச் சுருட்டிய கான்ட்ராக்டர்" என்று இருக்கிறது. நோட்டீஸில் முதல் பாயிண்டே அதுதான். அது எங்கள் கருத்து என்று சொல்ல முடியுமா?

மணல்வீடு

உண்மைக்கு எதற்குப் பயம்? நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். இந்த மாதிரி நோட்டீஸ் எல்லாம் மிரட்டலுக்கு அனுப்புவது. கோர்ட்டுக்குப் போகவே மாட்டார்கள்.

பழைய டெஸ்க்

தம்பி, கிழிக்காதீர்கள். ஒரு தினசரியின் மாவட்ட டெஸ்க்கில் நெடுநாள் இருந்தவன் நான். வருகிற வக்கீல் நோட்டீஸ்களைத் தேதி போட்டு ஃபைல் பண்ணி, நிருபரிடம் விளக்கம் வாங்கி, லீகல் பிரிவுக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலான நோட்டீஸ்கள் அதற்கு மேல் நகராது என்பது உண்மைதான். ஆனால் நகரப் போவது எது என்று நோட்டீஸைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"உண்மை போதாதா" என்று கேட்டீர்கள். சிவிலில் போதும். நஷ்ட ஈடு கேட்டு வரும் வழக்கில், எழுதியது உண்மை என்று நிரூபித்துவிட்டால் அதோடு முடிந்தது. எந்த எண்ணத்தில் எழுதினீர்கள் என்று கேட்க மாட்டார்கள். கிரிமினல் அப்படியில்லை. அவதூறைக் குற்றமாக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆவது பிரிவாகிவிட்டன. எண் மாறியது, தண்டனையில் சமூக சேவையும் சேர்ந்தது. ஆனால் எது அவதூறு ஆகாது என்று சொல்லும் பத்து விதிவிலக்குகளும் அப்படியே இருக்கின்றன. முதல் விதிவிலக்கு உண்மையோடு இன்னொன்றையும் கேட்கிறது: அதை வெளியிடுவது பொது நலனுக்குத் தேவையாக இருந்திருக்க வேண்டும். ஒருவருடைய குடும்ப விவகாரத்தை ஆதாரத்தோடு எழுதினாலும் இந்த இரண்டாவது நிபந்தனையில் மாட்டுவீர்கள். உங்கள் செய்தியில் அந்தச் சிக்கல் இல்லை. நகராட்சிப் பணம், பொதுத் தெரு. பொது நலன் என்று தனியாக வாதாட வேண்டியதே இல்லை.

உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். எது உண்மை என்று நிரூபிக்கப் போகிறீர்கள்? எம்-புக்கும் படங்களும் சேர்ந்து காட்டுவது இதுதான்: இவ்வளவு நீளத்துக்குப் பதித்ததாக அளவு எழுதிப் பணம் கொடுத்திருக்கிறார்கள், தெருவில் அவ்வளவு இல்லை. ஒப்பந்ததாரர் பணத்தைச் சுருட்டினார் என்பதை அவை காட்டவில்லை. அளவு எழுதியது பொறியாளர். குழாய் பதிக்கக் கல்லைப் பெயர்த்து வைத்திருக்கிறோம் என்றுகூட நாளைக்கு ஒரு கதை வரலாம். செய்தியின் குத்து எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல்லுக்குத்தான் ஆதாரம் வேண்டும். சுற்றியிருக்கிற பத்து வரிகள் சரியாக இருந்து பயனில்லை.

அதனால் உண்மை என்ற ஒரே காலில் நிற்காதீர்கள். மூன்றாவது விதிவிலக்கும் ஒன்பதாவதும் இருக்கின்றன. பொதுப் பிரச்சினை ஒன்றில் யார் எப்படி நடந்துகொண்டாலும் அதைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம் என்பது மூன்றாவது. அதிலும் ஒரு கடிவாளம் உண்டு: அந்த நடத்தையில் அவருடைய குணம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுக்குத்தான், அதற்கு மேல் போகக் கூடாது. பொது நலனுக்காக நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டு ஒன்பதாவது. இந்த "நல்லெண்ணம்" என்பதை நம் ஊர் அர்த்தத்தில் மனசு சுத்தம் என்று எடுத்துக்கொண்டுதான் பல நிருபர்கள் கோர்ட்டில் திணறுகிறார்கள். சட்டத்தில் அதற்குப் பொருள் தனி. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தில் செய்தது ஆகாது. உங்கள் மனசு எவ்வளவு சுத்தம் என்று நீதிபதி பார்க்கப் போவதில்லை. எப்படி விசாரித்தீர்கள் என்று பார்ப்பார்.

1965-ல் ஹர்பஜன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒன்பதாவது விதிவிலக்கைக் கேட்பவர், சொன்ன குற்றச்சாட்டு உண்மை என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உரிய அக்கறையோடு விசாரித்து நம்பினார் என்று காட்டினால் போதும். அதையும் அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கிற அளவுக்குச் சந்தேகமில்லாமல் காட்ட வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். உங்கள் நிலைமையில் இது மிகப் பெரிய ஆறுதல்.

ஆகவே நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த நீல டிக், என் கணக்கில், புகைப்படங்களைவிட மதிப்புள்ளது. என்ன கேட்டீர்கள், எத்தனை மணிக்கு, பதிலுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். காலையில் கேட்டு மதியமே போட்டிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். படங்கள் பில் தேதிக்குப் பிறகு எடுத்தவையா என்று பாருங்கள். தெருவாசிகளிடம் பேசியிருந்தால் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் தெளிவாக எழுதிய பிரதியைவிடக் கிறுக்கலான அசல் நோட்டுக்குத்தான் மரியாதை.

கவுன்சிலர் விஷயம். "அவர் சொன்னார், நாங்கள் போட்டோம்" என்பது பொதுவாக ஒரு காப்பே அல்ல. மேற்கோள் குறி போட்டாலும் "கூறப்படுகிறது" சேர்த்தாலும் அவதூறை மறுபடி வெளியிட்டவர் நீங்கள்தான். "கூறப்படுகிறது" என்ற சொல்லை நம் ஆட்கள் தாயத்து மாதிரி கட்டிக்கொள்கிறார்கள், அது எதையும் காக்காது. காப்பு கிடைப்பது, அந்தப் பேச்சு எந்த இடத்தில் பேசப்பட்டது என்பதைப் பொறுத்து. நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ பேசியிருந்தால், பெருமளவு சரியான செய்தியாகவும் தீய நோக்கம் இல்லாமலும் போட்டிருக்கும்பட்சத்தில் அரசியல் சாசனத்தின் 361-ஏ உங்களைக் காக்கும். நாடாளுமன்றச் செய்திகளுக்கு 1956-லேயே பெரோஸ் காந்தி கொண்டு வந்த சட்டம் ஒன்று இருந்தது. கணவர் கொண்டு வந்த அந்தச் சட்டத்தை நெருக்கடி நிலைக் காலத்தில் மனைவி இந்திரா காந்தியின் ஆட்சி ரத்து செய்தது. 1977-ல் திரும்பக் கொண்டு வந்து, அடுத்த ஆண்டு 44-ஆவது திருத்தத்தில் சாசனத்திலேயே ஏற்றினார்கள். சட்டமன்றத்தில் அமைச்சர் அளித்த பதிலைச் சரியாக வெளியிட்ட ஒரு நாளிதழ் மீது போட்ட அவதூறு வழக்கு நிற்காது என்று 1998-ல் ஜவாஹர்லால் தர்தா வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஆனால் 361-ஏ நாடாளுமன்றத்தையும் சட்டமன்றத்தையும்தான் சொல்கிறது. நகர்மன்றம் அதில் இல்லை. கோர்ட் நடவடிக்கைகளைப் பெருமளவு சரியாக வெளியிடுவதற்கு நான்காவது விதிவிலக்கு இருக்கிறது. அதிலும் நகர்மன்றம் வராது. எஃப்.ஐ.ஆரும் போலீஸ் பிரஸ் நோட்டும்கூடக் கோர்ட் நடவடிக்கை ஆகாது, அதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆகவே கவுன்சிலர் பேச்சுக்கும் நீங்கள் திரும்ப ஒன்பதாவது விதிவிலக்குக்குத்தான் வர வேண்டும். சாலை பற்றி அவர் பேசியதற்கு உங்களிடம் சொந்த ஆதாரம் உண்டு. "ஆணையருக்குப் பங்கு" என்பதற்கு என்ன இருக்கிறது? ஆணையரிடம் கேட்டீர்களா? மொத்தச் செய்தியிலும் எனக்கு நெருடுகிற வாக்கியம் அது ஒன்றுதான்.

தம்ப்நெயில் கருத்து ஆகாது. கருத்து என்றால் முதலில் தகவலை வைக்க வேண்டும், அந்தத் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், அதன் மேல் நீங்கள் சொல்வது தீர்ப்பு என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். "இவ்வளவு பணம் கொடுத்துப் போட்ட தெரு இதுதானா, வெட்கக்கேடு" என்றால் கருத்து. "சுருட்டிய" என்பது நடந்த ஒன்றைச் சொல்கிறது, குற்றம் சாட்டுகிறது. உள்ளே இருபது நிமிடம் நிதானமாகப் பேசியிருந்தாலும் முகப்பில் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். என் டெஸ்க்காக இருந்தால் "பில் பாஸ், தெருவில் மண்" என்று போட்டிருப்பேன். விஷயம் அதைவிடக் காரமாகவே போய்ச் சேரும், ஒரு சொல்லுக்கும் நோட்டீஸ் வராது.

நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதில் கொடுங்கள். போனில் யாரிடமும் "ஸாரி சார்" சொல்லாதீர்கள், அது ரெக்கார்ட் ஆகும். ஒரு கோடியைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். நோட்டீஸில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், செலவில்லை. வழக்காகப் போடும்போது கேட்கிற தொகைக்கு ஏற்பக் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். நோட்டீஸில் இருந்த சைபர்கள் பிளெயிண்டில் (கோர்ட்டில் போடும் வழக்கு மனுவில்) குறைவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

கருப்புக் கோட்டு

வழக்கறிஞராக இருக்கிறேன். டெஸ்க் ஐயா சொன்னதில் சட்டம் சரி, ஒரு இடத்தில் மட்டும் நடைமுறை வேறு. விதிவிலக்குகள் எல்லாம் விசாரணையில் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டியவை. நல்லெண்ணம் இருந்ததா என்பது சங்கதி சார்ந்த கேள்வி, அதை விசாரணையில்தான் பார்க்க வேண்டும் என்று 1981-ல் சேவக்ராம் சோபானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது நீல டிக் உங்களைக் காப்பாற்றும், ஆனால் சில வருட வாய்தாக்களுக்குப் பிறகு. நம் நாட்டில் தண்டனையைவிட வாய்தாதான் பத்திரிகையாளரைக் களைக்க வைக்கிறது.

அதனால் முன்கூட்டியே தடுக்கக்கூடிய இடங்களைக் கவனியுங்கள். இது போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் அல்ல, ஜாமீன் உண்டு. ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி யாராவது போன் செய்தால் எந்தப் பிரிவில் என்று எழுத்தில் கேளுங்கள். புகார்தாரர் மாஜிஸ்திரேட்டிடம்தான் போக வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 223-ஆவது பிரிவு நமக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: தனிநபர் புகாரைக் கோப்புக்கு எடுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் பேச்சையும் மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். முன்பெல்லாம் சம்மன் வந்த பிறகுதான் நமக்கே விஷயம் தெரியும். ஆர்டிஐ நகல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அந்தக் கட்டத்திலேயே வைத்துப் பார்க்கலாம். அதையும் மீறிப் போனால் உயர் நீதிமன்றத்தில் அதே சட்டத்தின் 528-ஆவது பிரிவின் கீழ் ரத்து மனு.

சங்கத்தின் நோட்டீஸ் பலவீனமானது. பாதிக்கப்பட்டவர்தான் புகார் கொடுக்க முடியும். 1971-ல் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டதாக 'தி இந்து' உள்ளிட்ட நாளிதழ்கள் மீது மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குப் போட்டார். மாநாடு என்பது அடையாளம் காணத்தக்க ஒரு குழு அல்ல, இவர் பாதிக்கப்பட்டவரும் அல்ல என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சங்கம் என்ற அமைப்பையே சொல்லியிருந்தால் கதை வேறு. நீங்கள் ஒரு வேலையைப் பற்றி, ஒரு ஒப்பந்ததாரரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஊரில் உள்ள மற்ற ஒப்பந்ததாரர்களுக்கு வலிக்க அதில் ஒன்றும் இல்லை.

ஆணையர். இங்கேதான் நக்கீரன் வழக்கு வரும். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடவிடாமல் அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது 1994-ல் வந்த ராஜகோபால் தீர்ப்பு. மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறு என்று நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. ஆகவே நகராட்சி என்ற பெயரில் யாரும் வர முடியாது. அதிகாரி தன் கடமை சார்ந்த செயலுக்காக வழக்குப் போட்டால், செய்தி தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் வெளியிட்டார்கள் என்று அவர் காட்ட வேண்டும். நியாயமாகச் சரிபார்த்துவிட்டுத்தான் போட்டோம் என்பது நமக்குப் போதும். மூன்றாவது, பொது ஆவணத்தில் உள்ளதை அந்தரங்கம் என்று சொல்லித் தடுக்க முடியாது. ஆனால் ஒன்று, இது சிவிலில் சொன்னது. ஒப்பந்ததாரர் அதிகாரி அல்ல, அந்தச் சலுகையை அவருக்கு எதிராகக் கேட்காதீர்கள்.

கிரிமினலில், அரசு ஊழியருக்காக அரசு வழக்கறிஞர் அரசின் அனுமதியோடு செஷன்ஸ் கோர்ட்டிலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது, ஆறு மாதத்துக்குள். அந்த வழியை ஒரு காலத்தில் இங்கே எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது டெஸ்க் ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது பத்திரிகைகள் மீது அப்படிப் போட்ட வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் மொத்தமாக ரத்து செய்தது. ஜனநாயகத்தை நெரிக்க அரசு அவதூறு வழக்கைப் பயன்படுத்தக் கூடாது என்றார் நீதிபதி அப்துல் குத்தூஸ். அனுமதி கொடுக்கும் அதிகாரியும் அரசு வழக்கறிஞரும் மனதைச் செலுத்திப் பார்த்தார்களா என்று இப்போது கேட்க அந்தத் தீர்ப்பு உதவும்.

செய்தியை நீக்கச் சொல்லி இடைக்காலத் தடை வாங்க முயல்வார்கள். 2024 மார்ச்சில் புளூம்பெர்க் - ஜீ வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணை முடியும் முன்பே செய்திக்குத் தடை போடுவது விதிவிலக்கான நிலைமைகளில் மட்டும்தான் என்று திரும்பவும் சொல்லியிருக்கிறது. உண்மை என்று நிரூபிக்கத் தயார் என நீங்கள் உறுதியாகச் சொல்வது இதில் முக்கியம். எங்களைக் கேட்காமல் தடை போடக் கூடாது என்று கோர்ட்டில் கேவியட் மனு போட்டு வையுங்கள். நஷ்ட ஈட்டு வழக்குக்கு வெளியிட்ட நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு, கிரிமினலுக்கு மூன்று வருடம். ஒரு வருடம் அமைதியாகப் போய்விட்டதே என்று ஆவணங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தெருமுனை நிருபர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஆணையரிடம் நாங்கள் கேட்கவில்லை. கவுன்சிலர் பேசும்போது அவரே மேடையில் உட்கார்ந்திருந்தார், மறுக்கவில்லை என்பதால் விட்டுவிட்டோம். இன்னும் இரண்டு கேள்வி. எம்-புக்கைக் கேட்டு ஆர்டிஐ போடு என்று எங்களுக்குச் சொன்னதே அலுவலகத்துக்குள் இருக்கிற ஒருவர்தான். அவர் பெயரைக் கோர்ட் கேட்குமா? அப்புறம் தம்ப்நெயிலை இன்றே மாற்றலாமா, மாற்றினால் தப்பை ஒப்புக்கொண்டது போல ஆகாதா?

பழைய டெஸ்க்

உட்கார்ந்திருந்தார், மறுக்கவில்லை என்பதைச் செய்தியில் எழுதினீர்களா? எழுதியிருந்தால் ஓரளவு உதவும். இப்போதாவது எழுத்தில் கேள்வி அனுப்பி, பதில் வந்தால் அதே செய்தியின் மேலே தேதியோடு சேருங்கள். நகர்மன்றக் கூட்டத்தின் மினிட்ஸுக்கும் ஆர்டிஐ போடுங்கள். கவுன்சிலர் நாளைக்கு "நான் அப்படிப் பேசவே இல்லை" என்று சொல்லிவிடுவார். கட்சி மேலிடத்திலிருந்து ஒரு போன் போதும்.

சோர்ஸைக் காக்கும் தனிச் சட்டம் நமக்கு இல்லை. பிரஸ் கவுன்சில் சட்டம் 15-ஆவது பிரிவில் சோர்ஸைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது, ஆனால் அது கவுன்சிலின் விசாரணைக்கு மட்டும். கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்கு அதிர்ஷ்டம், அவரைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. அவர் வழி சொன்னார், ஆவணம் கொடுத்தது அரசு. நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" என்று பெருமைக்காக ஒரு வரிகூடச் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அந்த வட்டாரம் யார் என்பதுதான்.

கருப்புக் கோட்டு

தம்ப்நெயிலை மாற்றுங்கள். அதை ஒப்புதலாக எடுக்க முடியாதபடி பதில் நோட்டீஸில் ஒரு வரி போதும்: செய்தியில் உறுதியாக நிற்கிறோம், முகப்பு வாசகத்தை எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி மாற்றியிருக்கிறோம். வழக்கென்று வந்தால் எவ்வளவு நாள் அது அப்படியே இருந்தது என்பது நஷ்ட ஈட்டுத் தொகையில் கணக்காகும். மாற்றுவதற்கு முன் பழைய முகப்பு, பார்த்தவர்கள் எண்ணிக்கை, வெளியிட்ட நேரம் எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் சாட்சியத்தை அழித்தார்கள் என்று ஆரம்பிப்பார்கள். வாட்ஸ்அப் அனுப்பிய போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். அந்தச் செய்தியின் பிரிண்ட்-அவுட்டைக் கோர்ட்டில் ஏற்க, புதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவின் சான்றிதழ் வேண்டும். அந்தப் போன் கையில் இருந்தால் சிக்கலில்லை. ஏழு நாள் கெடு என்றைக்கு முடிகிறது? நோட்டீஸ் வந்த கவரையும் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.